தீவிர லேசர் முடுக்கும் புரோட்டான் கற்றையின் வடிவக் கட்டுப்பாடு: ஆய்வுக் கூற்றுகள் மீதான திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

செறிவுமிக்க லேசர் துடிப்பு மெல்லிய தகட்டின்மீது படும்போது, அத்தகட்டின் பின்புறத்திலிருந்து உயர் ஆற்றல் புரோட்டான்கள் கற்றையாக வெளிப்படுகின்றன. இக்கற்றை பரந்த ஆற்றல் வீச்சும் அகன்ற விரிகோணமும் உடையது. இதன் வடிவத்தைக் கட்டுப்படுத்தியதாகக் கூறும் ஆய்வுரைகள் 2003 முதல் தொடர்ந்து வெளிவந்துள்ளன. அவற்றில் 'கட்டுப்பாடு' என்னும் ஒரே சொல் வெவ்வேறு செயல்களைக் குறிக்கின்றது. அச்செயல்களை வார்த்தல், நெறிப்படுத்தல், வடித்தல் என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றும் எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது. கற்றையின் தரத்தை அது பிறக்கும் இடத்தில் அளப்பதைவிடப் பயன்படும் இடத்தில் அளப்பதே பொருத்தமான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: லேசர் முடுக்கம், புரோட்டான் கற்றை, பிளாஸ்மா, விரிகோணம், எமிட்டன்ஸ், காந்த வில்லை, கதிரியல் மருத்துவம்.

முன்னுரை

1985ஆம் ஆண்டில் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார்ட் மூருவும் வெளியிட்ட துடிப்புப் பெருக்க முறை, லேசர் இயற்பியலின் போக்கை மாற்றியது. குறுகிய துடிப்பைக் காலத்தில் நீட்டி, பெருக்கி, மீண்டும் சுருக்கும் அம்முறைக்காக அவ்விருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். அம்முறையின் வழியே பெட்டாவாட் திறனை எட்டிய லேசர்கள் உருவாயின. அவற்றுள் முதலாவது, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் நோவா லேசரின் ஒரு கிளையாக 1996இல் இயங்கத் தொடங்கியது. அதன் துடிப்புகளை மெல்லிய திண்மத் தகடுகள்மீது செலுத்திய ஆய்வுகளின் விளைவை ஸ்னேவ்லி முதலானோர் 2000ஆம் ஆண்டு 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்டனர். சதுர சென்டிமீட்டருக்கு 3×10²⁰ வாட் என்னும் உச்சச் செறிவில், 10 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (மெ.எ.வோ.) மேற்பட்ட ஆற்றலுடைய 2×10¹³ புரோட்டான்கள் கிடைத்தன. லேசர் ஆற்றலில் 12 விழுக்காடு, அதாவது 48 ஜூல் வரை, அவற்றுக்கு மாறியிருந்தது. கற்றையின் அச்சில் உச்ச ஆற்றல் 58 மெ.எ.வோ. அளவை எட்டியது.

சில மைக்ரோமீட்டர் தொலைவுக்குள் இத்தகைய ஆற்றல் கிடைத்தமை வியப்புக்குரியது. ஆயினும் கிடைத்த கற்றை, சைக்ளோட்ரானோ சிங்க்ரோட்ரானோ தரும் கற்றையைப் போன்றதன்று. மிகக் குறைந்த ஆற்றல் முதல் உச்ச ஆற்றல் வரை எல்லா ஆற்றல்களும் அதில் கலந்திருந்தன. ஆற்றல் கூடக்கூடத் துகள்களின் எண்ணிக்கை விரைந்து குறைந்தது. கற்றை கூம்பாக விரிந்தது. எனவே 'முடுக்கிவிட்டோம்' என்னும் செய்தியை அடுத்து, 'வடிவப்படுத்த முடியுமா' என்னும் வினா எழுந்தது. அவ்வினாவுக்கு விடையாக வந்த ஆய்வுரைகளே இங்குத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவ்வினா ஆய்வகத்தோடு நிற்பதன்று. லேசர் புரோட்டான்களால் புற்றுநோய்க்கு மருத்துவம் செய்யலாம் என்னும் வாக்குறுதி 2000களின் தொடக்கத்திலேயே அளிக்கப்பட்டுவிட்டது. அவ்வாக்குறுதியின் உறுதி, வடிவக் கட்டுப்பாடு எந்த அளவுக்கு உண்மையானது என்பதையே சார்ந்துள்ளது.

1. கற்றையின் இயல்பு வடிவம்

கட்டுப்பாட்டை மதிப்பிடுமுன், கட்டுப்படுத்தப்படாத கற்றையின் தன்மையை உணர்தல் வேண்டும். லேசர் துடிப்பு தகட்டின் முன்புறத்தில் எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு முடுக்குகின்றது. அவை தகட்டை ஊடுருவிப் பின்புறம் வெளியேறி, அங்கே ஒரு மின்னேற்ற உறையை உருவாக்குகின்றன. அவ்வுறையின் மின்புலம் மீட்டருக்கு 10¹² வோல்ட் என்னும் அளவை எட்டும். தகட்டின் பரப்பில் ஈரமாகவும் எண்ணெய்ப் படிவாகவும் இயல்பாகவே ஒட்டியுள்ள நீரகச் சேர்மங்களிலிருந்து புரோட்டான்களை அப்புலம் இழுத்து முடுக்குகின்றது. இவ்வியக்கமுறையை வில்க்ஸ் முதலானோர் 2001இல் விரிவாக விளக்கினர். புரோட்டான்கள் முன்புறத்தில் தோன்றுகின்றனவா, பின்புறத்தில் தோன்றுகின்றனவா என்னும் விவாதம் தொடக்கத்தில் இருந்தது. பிரித்தானியாவின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் ஆய்ந்த கிளார்க் முதலானோர் முன்புறத்தைச் சுட்டினர். லிவர்மோர் குழுவினர் ஆப்பு வடிவ இலக்கைப் பயன்படுத்தியபோது, பின்பக்க முகங்கள் இரண்டுக்கும் செங்குத்தாக இரு கற்றைகள் வெளிப்பட்டமை பின்புறத் தோற்றத்துக்கு வலுவான சான்றாயிற்று.

இவ்விளக்கத்திலிருந்து கற்றையின் வடிவம் பற்றிய மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மின்னேற்ற உறை நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் மெலிந்தும் இருப்பதால் முடுக்கும் முகப்பு வளைந்தே அமையும். கற்றை விரிவது இதனால்தான். இரண்டாவது, நடுவிலிருந்து வரும் புரோட்டான்கள் மிகுந்த ஆற்றலும் குறுகிய கோணமும் உடையவை. ஓரத்திலிருந்து வருபவை குறைந்த ஆற்றலும் வேறுபட்ட கோணமும் உடையவை. ஆகவே ஆற்றலும் திசையும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. மூன்றாவது, தகட்டின் பின்பரப்பும் அதனைச் சேரும் எலக்ட்ரான் ஓட்டமும் எவ்வாறு இருக்கின்றனவோ, அவ்வாறே கற்றையின் குறுக்குவெட்டும் அமையும். ஃபுக்ஸ் முதலானோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. உலோகத் தகடுகள் சீரான கற்றையைத் தந்தன; மின்கடத்தாப் பொருள்களில் எலக்ட்ரான் ஓட்டம் இழைகளாகச் சிதைந்ததால் புரோட்டான் கற்றையும் சிதைந்தது.

2. 'வடிவம்' என்பதன் பொருள்கள்

ஆய்வுரைகளில் 'வடிவம்' என்னும் சொல் குறைந்தது நான்கு பண்புகளைக் குறிக்கின்றது: கற்றையின் குறுக்குவெட்டுத் தோற்றம், விரிகோணம், ஆற்றல் நிறமாலையின் தோற்றம், காலத்தில் துடிப்பின் நீளம். மேற்கண்டவாறு இவை பிணைந்திருப்பதால் ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று மாறும். ஓர் ஆய்வு இவற்றுள் ஒன்றைத் திருத்திவிட்டு 'கற்றையைக் கட்டுப்படுத்தினோம்' என்று பொதுவாகக் கூறுமானால், ஏனைய மூன்றும் என்னவாயின என்று வினவுதல் வாசகரின் கடமையாகும்.

கட்டுப்படுத்தும் செயலையும் அது நிகழும் இடத்தைக் கொண்டு பகுத்தறியலாம். புரோட்டான்கள் தோன்றும் இடத்திலேயே வடிவத்தை அமைப்பது வார்த்தல். தோன்றியவுடன், இன்னும் இலக்கின் அருகிலிருக்கும்போதே, கணநேர மின்புலங்களால் திருப்புவது நெறிப்படுத்தல். சில சென்டிமீட்டர் அல்லது மீட்டர் தொலைவு சென்றபின் காந்தங்களாலும் துளைத்தகடுகளாலும் வேண்டியதை மட்டும் பிரித்தெடுப்பது வடித்தல். அச்சில் உலோகம் வார்ப்பதும், வாய்க்காலில் நீரைத் திருப்புவதும், வேண்டாததை வடிகட்டிவிடுவதும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் வேறான இழப்பு உண்டு.

3. வார்த்தல்

வார்த்தலின் எளிய வகை, இலக்கின் உருவத்தையே மாற்றுவதாகும். பட்டேல் முதலானோர் 2003இல் தட்டையான தகட்டுக்கு மாற்றாகக் கோள வளைவுடைய இலக்கைப் பயன்படுத்தினர். வளைந்த பரப்புக்குச் செங்குத்தாகப் புறப்பட்ட புரோட்டான்கள் குவிந்து, திண்மப் பொருளின் சிறுபகுதியை 20 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேற்பட்ட வெப்பநிலைக்குச் சூடாக்கின. பொருள் விரிவடையக் கிடைக்கும் காலத்தைவிட வெப்பமூட்டும் காலம் குறுகியிருந்ததே அவ்வாய்வின் சிறப்பு. இது குறிப்பிட்ட பயனுக்காக வடிவமைக்கப்பட்ட கட்டுப்பாடு. அப்பயனுக்கு ஒற்றை ஆற்றல் தேவையில்லை. ஆகவே அதன் கூற்றும் விளைவும் பொருந்தியிருந்தன.

எனினும் வளைவு தரும் குவியத்தை வடிவியல் முழுமையாகத் தீர்மானிப்பதில்லை. பார்டல் முதலானோர் 2012இல் 'நேச்சர் ஃபிசிக்ஸ்' இதழில் இதனைக் காட்டினர். கற்றையோடு உடன்செல்லும் சூடான எலக்ட்ரான்களின் அழுத்தம் புரோட்டான்களின் பாதையை வளைக்கின்றது. அவை நேர்கோட்டில் சென்று கோளத்தின் மையத்தில் கூடுவதில்லை. இலக்கோடு கூம்பு ஒன்றை இணைத்தால் அதன் சுவரில் தோன்றும் மின்புலம் கற்றையை ஒடுக்குகின்றது. அச்சைச் செதுக்கினால் வார்ப்பு அப்படியே வரும் என்னும் எளிய நம்பிக்கையை இவ்வாய்வு திருத்தியது. அச்சும் உருகிக்கொண்டிருக்கும்போதே வார்ப்பு நிகழ்கின்றது என்பதே உண்மை நிலை.

வார்த்தலின் இரண்டாம் வகை, ஆற்றல் நிறமாலையை நோக்கியது. 2006 சனவரியில் 'நேச்சர்' இதழில் இரு ஆய்வுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஜெர்மனியின் ஜெனா நகரில் ஆய்ந்த ஸ்வோரர் முதலானோர், டைட்டானியம் தகட்டின் பின்புறத்தில் 20 மைக்ரோமீட்டர் பக்கமுடைய நெகிழிப் புள்ளிகளைப் பதித்தனர். உறையின் நடுப்பகுதியில் மட்டுமே புரோட்டான்கள் இருக்குமாறு செய்ததால் நிறமாலையில் 1.2 மெ.எ.வோ. அருகே ஒரு முகடு தோன்றியது. அமெரிக்காவின் லாஸ் அலமோசில் ஹெகலிச் முதலானோர் பல்லேடியம் இலக்கைச் சூடாக்கி நீரகப் படிவை நீக்கி, கார்பன் அயனிகளை அணுக்கருத்துகள் ஒன்றுக்கு 3 மெ.எ.வோ. அளவில், 17 விழுக்காட்டு அகலத்தோடு பெற்றனர். இவ்வுரைகள் 'ஏறத்தாழ ஒற்றை ஆற்றல்' என்னும் தொடரைத் துறையில் நிலைநிறுத்தின.

இங்கே ஒரு கணக்கைக் கருதுதல் தகும். நீரில் புரோட்டான் செல்லும் ஆழம் ஏறத்தாழ ஆற்றலின் 1.77ஆம் அடுக்காக வளர்கின்றது. எனவே ஆற்றலில் 10 விழுக்காட்டு அகலம், ஆழத்தில் ஏறத்தாழ 18 விழுக்காட்டு அகலமாகும். 150 மெ.எ.வோ. புரோட்டான் நீரில் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் செல்லும். அங்கே 10 விழுக்காட்டு அகலம் என்பது ஏறத்தாழ 2.8 சென்டிமீட்டர் தடுமாற்றம். ஆழத்தைச் சில மில்லிமீட்டருக்குள் நிறுத்த வேண்டிய பணிக்கு 'ஏறத்தாழ ஒற்றை ஆற்றல்' என்னும் தொடர் போதாது. 2006ஆம் ஆண்டின் சாதனை இயற்பியல் விளக்கத்தின் சாதனை. அதனைப் பயன்பாட்டின் சாதனையாக வாசித்தமை பின்வந்தோர் செய்த பிழையாகும்.

வார்த்தலின் மூன்றாம் வகையே கட்டுப்பாடு என்னும் பெயருக்கு மிகவும் நெருங்கியது. முன்துடிப்பு கற்றையைக் கெடுக்கும் என்பது அறிந்த செய்தி. சுவீடனின் லுண்ட் நகரில் லிண்டாவ் முதலானோர் 2005இல் கண்டது இது: முதன்மைத் துடிப்புக்கு முன்வரும் மெல்லொளி தகட்டில் அதிர்வலையை எழுப்பிப் பின்பரப்பைப் புடைக்கச் செய்கின்றது; அதனால் கற்றையின் திசையே ஆற்றலுக்கு ஏற்ப மாறுகின்றது. கரோல் முதலானோர் 2007இல் இக்கேட்டையே கருவியாக்கினர். சதுர சென்டிமீட்டருக்கு 10¹³ வாட்டுக்கும் குறைந்த செறிவுடைய நானோநொடித் துடிப்பை வளையமாகக் குவித்து, முதன்மைத் துடிப்புக்கு முன்னரே தகட்டின் முன்புறத்தில் செலுத்தினர். அதன் விளைவாக எல்லா ஆற்றல்களிலும் கூர்மையான வட்ட எல்லையுடைய சீரான கற்றை கிடைத்தது. இவ்வாய்வின் சிறப்பு, கட்டுப்படுத்தும் மாறி ஆய்வாளரின் கையில் இருந்தமையாகும். இலக்கைப் புதிதாகச் செதுக்காமல், ஒளியின் அமைப்பை மாற்றியே கற்றையை மாற்ற முடிந்தது. நானோமீட்டர் தடிமனுடைய தகடுகளில் லேசரின் முனைவாக்கத்தை மாற்றிப் புரோட்டான் கற்றையின் தோற்றத்தை மாற்றலாம் என்று கோன்சாலஸ் இஸ்கியெர்டோ, மெக்கென்னா முதலானோர் 2016இல் காட்டியதும் இவ்வரிசையில் சேரும். ஆயினும் இவ்வழி குறுக்குவெட்டைச் சீராக்கியதேயன்றி ஆற்றல் வீச்சைக் குறைக்கவில்லை.

4. நெறிப்படுத்தல்

டோன்சியன் முதலானோர் 2006இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட நுண்வில்லை, நெறிப்படுத்தலின் முதன்மைச் சான்றாகும். சிறிய உள்ளீடற்ற உலோக உருளையின் புறச்சுவரை இரண்டாவது லேசர் துடிப்பால் தாக்கினால், உட்சுவரிலிருந்து சூடான எலக்ட்ரான்கள் விரிந்து, கணநேரம் மட்டும் நிலைக்கும் மின்புலம் தோன்றும். அந்நேரத்தில் உருளைக்குள் இருக்கும் புரோட்டான்கள் மட்டுமே குவிக்கப்படும். வேகமானவை கடந்து சென்றிருக்கும்; மெதுவானவை இன்னும் வந்திருக்கா. ஆகவே இரு துடிப்புகளுக்கிடையிலான நேரத்தை மாற்றினால் குவிக்கப்படும் ஆற்றல் மாறும். ஒரே கருவி குவித்தலையும் ஆற்றல் தெரிவையும் ஒருங்கே செய்தது. கற்றையின் குறையாகிய ஆற்றல் வீச்சை நேரவேறுபாடாக மாற்றிப் பயன்கொண்ட நுட்பம் இது.

இரண்டாவது லேசர் தேவை என்னும் சுமையைக் கார் முதலானோரின் ஆய்வுகள் நீக்க முயன்றன. 2008இல் அவர்கள், இலக்கே மின்னேற்றம் பெறுவதைப் பயன்படுத்தி, அதனோடு இணைந்த சட்டத்தைக் கொண்டு விரிகோணத்தைக் குறைத்தனர். 2016இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், இலக்கின் பின்னே சுருள்கம்பி ஒன்றை இணைத்தனர். லேசர் தாக்கியதும் இலக்கிலிருந்து எழும் மின்துடிப்பு அக்கம்பி வழியே சுற்றிச்சுற்றி ஓடுகின்றது. சுருளின் சுற்றளவையும் இடைவெளியையும் சரியாக அமைத்தால், அச்சின்வழி அத்துடிப்பு முன்னேறும் வேகம் புரோட்டானின் வேகத்துக்கு இணையாகும். அவ்வாறு உடன்செல்லும் புலம் ஒரு பகுதிப் புரோட்டான்களைக் குவித்தும், மீட்டருக்கு 0.5 கிகா வோல்ட்டுக்கு மேற்பட்ட சரிவில் மேலும் முடுக்கியும் தருகின்றது.

இவ்வாய்வுகளின் கருத்துச் செழுமை மறுக்க இயலாதது. ஆனால் ஒரு வினாவுக்கு அவை போதிய இடம் தரவில்லை. உருளையோ, சட்டமோ, சுருளோ, அவை இலக்கின் அருகிலேயே இருப்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் அழியும் அல்லது கெடும்; புதிதாகப் பொருத்தி, மைக்ரோமீட்டர் துல்லியத்தில் நேர்ப்படுத்த வேண்டும். ஒருமுறை பெற்ற வடிவம் மறுமுறையும் கிடைக்குமா என்பதே கட்டுப்பாட்டின் அடிப்படைத் தேர்வு. சில துடிப்புகளில் கிடைத்த சிறந்த படத்தைக் காட்டுவது இயலும் என்பதை மெய்ப்பிக்கும். ஆளும் திறனை மெய்ப்பிக்காது.

5. வடித்தலும் எமிட்டன்ஸ் எண்ணும்

கோவன் முதலானோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் எண்ணைத் தந்தது. தகட்டின் பின்பரப்பில் நுண்வரிப்பள்ளங்களைச் செதுக்கியபோது அவ்வரிகள் கற்றையின் குறுக்குவெட்டில் பெரிதாகத் தெரிந்தன. புரோட்டான்கள் ஒன்றன் பாதையில் ஒன்று குறுக்கிடாமல் ஒழுங்காகச் செல்கின்றன என்பதற்கு இது சான்று. அவ்வொழுங்கை அளக்கும் எமிட்டன்ஸ், 10 மெ.எ.வோ.வுக்கு மேற்பட்ட புரோட்டான்களுக்கு 0.004 மில்லிமீட்டர் மில்லிரேடியனுக்கும் குறைவு என்றும், இது மரபான முடுக்கிகளைவிடக் குறைந்தது நூறு மடங்கு மேம்பட்டது என்றும் அவர்கள் கூறினர்.

அளவீடு உறுதியானது, அதன் வாசிப்பே திருத்தத்துக்குரியது. எமிட்டன்ஸ் என்பது இடமும் கோணமும் எவ்வளவு இறுக்கமாகத் தொடர்புற்றுள்ளன என்பதைக் காட்டுகின்றது. கற்றை எவ்வளவு விரிகின்றது என்பதையன்று. அகன்ற கூம்பாக விரியும் கற்றைக்கும் மிகக் குறைந்த எமிட்டன்ஸ் இருக்கலாம். அத்தொடர்பு ஒவ்வோர் ஆற்றல் துண்டுக்கும் தனித்தனியானது. இத்தகைய கற்றையை வில்லைக்குள் செலுத்தினால் நிகழ்வது வேறு. வரிச்சுருள் காந்த வில்லையின் குவியத்தூரம் உந்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகின்றது. இவ்வாற்றல் எல்லையில் அது ஏறத்தாழ ஆற்றலுக்கே நேர்விகிதமாகும். 8 மெ.எ.வோ. புரோட்டானுக்குக் குவியத்தூரம் 1 மீட்டர் எனில், 10 மெ.எ.வோ. புரோட்டானுக்கு அது ஏறத்தாழ 1.25 மீட்டர். ஓர் ஆற்றல் குவியும் இடத்தில் மற்றோர் ஆற்றல் பரந்து கிடக்கும். துண்டுகள் ஒவ்வொன்றும் ஒழுங்காயிருந்தும் மொத்தக் கற்றை ஒழுங்கை இழக்கின்றது. பிறந்த இடத்தில் பெற்ற நூறு மடங்கு மேன்மை வில்லையைக் கடக்கும்போது பெருமளவு கரைந்துவிடுகின்றது.

காலத்திலும் இதுவே நேர்கின்றது. பிறக்கும்போது பிக்கோநொடி அளவே நீளமுள்ள துடிப்பில், 8 மெ.எ.வோ. புரோட்டானும் 10 மெ.எ.வோ. புரோட்டானும் 1 மீட்டர் கடந்ததும் இரண்டரை நானோநொடிக்கும் மேலாக விலகிவிடுகின்றன. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டிலுள்ள ஜிஎஸ்ஐ ஆய்வு மையம், ஃபீலிக்ஸ் லேசரோடு வரிச்சுருள் காந்தத்தையும் வானொலி அதிர்வெண் குழியையும் இணைத்து இவ்விலகலை எதிர்கொண்டது. காந்தம் விரிகோணத்தைத் திருத்த, குழியின் மின்புலம் வேகமானவற்றைத் தாழ்த்தி, மெதுவானவற்றை உயர்த்தி, ஏறத்தாழ 8 மெ.எ.வோ. ஆற்றலில் துடிப்பை நானோநொடிக்கும் குறைவாகச் சுருக்கியது. லேசர் முடுக்கத்தை மரபான முடுக்கிக்கு எதிராக நிறுத்தாமல் அதனோடு இணைத்தமை இம்முயற்சியின் அறிவுடைமை. ஆனால் வடித்தலில் இழப்பு தவிர்க்க இயலாதது: வேண்டிய ஆற்றலின் அருகே உள்ளவை மட்டும் கடந்து செல்ல, எஞ்சியவை சுவரில் படிகின்றன. மொத்தத் துகள் எண்ணிக்கையை ஒரு பத்தியிலும் வடித்த கற்றையின் தூய்மையை மற்றொரு பத்தியிலும் பெருமைப்படக் கூறும் உரைகள் இவ்விழப்பை மறைத்துவிடுகின்றன. இரண்டும் ஒரே கற்றையின் பண்புகள் அல்ல.

6. மருத்துவ வாக்குறுதியும் மறுப்பும்

புலனோவ் முதலானோர் 2002இல் லேசர் முடுக்கிகளைப் புரோட்டான் மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என முன்மொழிந்தனர். புரோட்டான் தன் பயணத்தின் முடிவில் பெரும்பகுதி ஆற்றலைச் சொரிவதால் கட்டியை ஆழத்தில் தாக்கலாம் என்பதை ராபர்ட் வில்சன் 1946இலேயே சுட்டியிருந்தார். இன்றைய மருத்துவ மையங்கள் ஏறத்தாழ 70 முதல் 230 மெ.எ.வோ. வரையிலான ஆற்றலைப் பயன்படுத்துகின்றன. சென்னையில் 2019இல் தொடங்கப்பட்ட புரோட்டான் புற்றுநோய் மையம் உட்பட, அவை சைக்ளோட்ரான் அல்லது சிங்க்ரோட்ரானையே நம்பியுள்ளன. அவற்றின் பேரளவும் பெருஞ்செலவும் லேசர் வழிக்கு ஆதரவான வாதமாக மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்பட்டன.

இவ்வாதத்தை லின்ஸ், அலோன்சோ ஆகிய இருவரும் 2007இலும், மறுபார்வையாக 2016இலும் வினவினர். ஆற்றல் மட்டுமன்றி, துகள் எண்ணிக்கை, ஆற்றல் துல்லியம், துடிப்புக்குத் துடிப்பு மாறாத் தன்மை, நோயாளியிடம் கற்றையைக் கொண்டுசேர்க்கும் அமைப்பு, பாதுகாப்பு ஆகிய அனைத்தும் ஒருங்கே நிறைவேற வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. லேசர் ஆய்வாளர்கள் ஒவ்வொரு தேவையையும் தனித்தனி ஆய்வில், தனித்தனி நிபந்தனையில் நிறைவேற்றிவிட்டு, அனைத்தும் நிறைவேறியது போன்ற தோற்றம் தந்தமையை நோக்க, இம்மறுப்பு வலுவுடையதே. கலிபோர்னியாவில் ஹேபர்பெர்கர் முதலானோர் 2012இல் வாயு இலக்கில் பெற்ற 22 மெ.எ.வோ. கற்றை இதற்குத் தக்க சான்று. அதன் ஆற்றல் அகலம் ஏறத்தாழ 1 விழுக்காடு. ஆனால் முகட்டிலிருந்த துகள்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஸ்னேவ்லியின் எண்ணிக்கையும் ஹேபர்பெர்கரின் தூய்மையும் ஒரே கற்றையில் கூடவில்லை.

எனினும் லின்ஸ், அலோன்சோ ஆகியோரின் வாதத்திலும் ஓர் எல்லை உண்டு. மரபான முடுக்கியின் கற்றையை அளவுகோலாக வைத்தே அவர்கள் லேசர் கற்றையை அளந்தனர். லேசர் ஆய்வாளர்களும் அதே அளவுகோலை ஏற்று 'ஒற்றை ஆற்றல்' என்னும் இலக்கை நோக்கி ஓடினர். கட்டிக்கு வேண்டியது ஒற்றை ஆற்றலா என்னும் வினாவை இரு தரப்பும் எழுப்பவில்லை. கட்டிக்கு வேண்டியது, அதன் முழு ஆழத்திலும் சீராகப் பரவிய கதிரளவு. மரபான மையங்களிலும் ஒற்றை ஆற்றல் கற்றைகள் பலவற்றை அடுக்கியே அவ்வளவு பெறப்படுகின்றது.

7. டிரெஸ்டன் முயற்சி: அளவுகோல் மாற்றம்

இவ்வினாவைச் செயலில் எழுப்பியவர்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள். பிராக் முதலானோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், டிராகோ லேசர் தந்த கற்றையை இரு துடிப்புவகை வரிச்சுருள் காந்தங்களின் வழியே செலுத்தினர். வில்லையின் குவியம் ஆற்றலுக்கு ஏற்ப மாறுவதை அவர்கள் குறையாகக் கொள்ளாமல் தெரிவுக்கருவியாகக் கொண்டனர். பரந்த நிறமாலையிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட ஆற்றல் துண்டுகளை ஒரே துடிப்பில் பிரித்தெடுத்து, 5 மில்லிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் ஆழமும் உடைய உருளைப் பகுதியில் குறுக்கிலும் ஆழத்திலும் சீரான கதிரளவைப் பெற்றனர். ஒரு துடிப்புக்குக் கிடைத்த அளவு 0.7 கிரே, காந்த அமைப்பின் கடத்துதிறன் 50 விழுக்காடு.

இதன் தொடர்ச்சியாகக் கிரோல் முதலானோர் 2022இல் 'நேச்சர் ஃபிசிக்ஸ்' இதழில், எலிகளின் செவியில் வளர்க்கப்பட்ட மனிதக் கட்டிகளை இக்கற்றையால் ஏறத்தாழ 4 கிரே அளவுக்குக் கதிரூட்டிய ஆய்வை வெளியிட்டனர். இதன் முதன்மை ஆற்றலின் உயர்வில் இல்லை. உயிரியல் ஆய்வுக்கு ஒரு துடிப்பின் வெற்றி பயன்படாது. விலங்குக்கு விலங்கு, நாளுக்கு நாள் அதே அளவு கிடைக்க வேண்டும். அந்நிபந்தனையை ஏற்று வெளிவந்தமையே இவ்வாய்வின் பெருமை.

இம்முயற்சியையும் மிகைப்படுத்தல் ஆகாது. 5 மில்லிமீட்டர் ஆழத்தில் இயன்றது 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இயலுமா என்பது வேறு வினா. 2024இல் அதே டிராகோ லேசரில் சீக்லர் முதலானோர் 150 மெ.எ.வோ. வரையிலான புரோட்டான்களைப் பெற்றனர். உச்ச ஆற்றலில் இது பெரும் முன்னேற்றம். ஆனால் ஆற்றல் உயர, அதனைக் குவிக்கும் காந்தத்தின் வலிமையும் உயர வேண்டும். சீரான கதிரளவுக்குப் போதிய துகள்கள் அவ்வாற்றலில் துடிப்புதோறும் கிடைக்கவும் வேண்டும். உச்ச ஆற்றல் கற்றையின் நுனியைக் குறிப்பது. வடிவப்படுத்தத்தக்க கற்றை நுனிக்கு வெகு கீழே உள்ளது. செய்திக் குறிப்புகள் நுனியைக் கற்றையாகக் காட்டும்போது, மருத்துவத்தை எதிர்நோக்கும் நோயாளிக்குத் தவறான காலக்கணக்கு சென்று சேர்கின்றது.

முடிவுரை

மேற்கண்ட திறனாய்விலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. வார்த்தல், கற்றையின் குறுக்குவெட்டிலும் குவிதலிலும் தெளிவான வெற்றி கண்டுள்ளது. நிறமாலையில் அதன் வெற்றி குறைந்த ஆற்றலுக்கும் குறைந்த துகள் எண்ணிக்கைக்கும் உட்பட்டது. நெறிப்படுத்தல், கருத்தளவில் மிகச் செழுமையானது. மீளத்தக்க தன்மையே அதன்முன் உள்ள தேர்வு. வடித்தல், இழப்பு மிகுந்ததாயினும் மீண்டும் மீண்டும் ஒரே விளைவைத் தரத்தக்கது. உயிரியல் ஆய்வு வரை சென்றதும் அதுவே.

'கட்டுப்பாடு' என்று கூறும் ஆய்வுரை ஒவ்வொன்றிடமும் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும்: வடிவத்தின் எப்பண்பு திருத்தப்பட்டது, அதற்கு ஈடாக எது இழக்கப்பட்டது, அடுத்த துடிப்பிலும் அது கிடைக்குமா. இம்மூன்றுக்கும் ஒருங்கே விடை தந்த உரைகள் சிலவே. அச்சிலவும் தம் அளவீட்டைத் தகட்டின் பின்புறத்தில் நிறுத்தாமல், கதிர் சென்று படும் இடத்தில் செய்தவையாகும். லேசர் புரோட்டான் ஆய்வின் அடுத்த கட்டம் உச்ச ஆற்றலின் பட்டியலாக அமையாமல், படும் இடத்தின் கதிரளவுப் பட்டியலாக அமையுமாயின், 2002இன் வாக்குறுதி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையேனும் நேர்மையாகக் கணிக்க இயலும்.